சுற்றிக்கொண்டே போகும் சக்கரமும் நடுவுக்குத் திரும்பும் சக்கரமும்

வீட்டில் ஓர் அறையின் மூலையைக் கார்ப்பந்தய விளையாட்டுக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற ஆசை பிறந்தவர்களில் பெரும்பாலோர் கடையில் முதலில் கேட்பது, எந்த ஸ்டீயரிங் உயர்ந்தது என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை கிடைப்பது கடினமன்று. கிடைத்த விடையால் பிரயோஜனம் உண்டா என்பதில்தான் சந்தேகம். ஏனெனில் 1970-களிலும் 80-களிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும், காசு போட்டு ஆடும் கூடங்களுக்கென்று செய்யப்பட்ட ஓட்டும் விளையாட்டுகள், எந்தக் கருவியைக் கொண்டுவந்து மாட்டினாலும் ஏற்றுக்கொள்ளும் பொதுச் சுபாவம் உடையவை அல்ல. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு மரப்பெட்டியும், அந்தப் பெட்டியில் ஆணியறைந்தாற்போல் நிலைத்த ஒரு சக்கரமும், அதற்கேற்ற பெடலும் கியரும் உடையதாய், அந்தச் சக்கரத்திலிருந்து வரும் செய்தி இன்ன விதமாகத்தான் இருக்கும் என்ற உறுதியின் பேரில் எழுதப்பட்டது. விளையாட்டைத் தேர்ந்தெடுக்காமல் சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பவர், பணத்தை முதலில் செலவழித்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடுகிறவராகிறார்.

இந்தச் சக்கரங்களில் இரண்டு வம்சங்கள் உண்டு. 1974-ல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘கிரான் ட்ராக் 10’, ஸ்டீயரிங்கும் இரண்டு பெடல்களும், மூன்று முன்கியர்களும் ஒரு பின்கியரும் கொண்ட கைப்பிடியும் வைத்து வந்தது. மேலிருந்து பார்த்தாற்போல் தெரியும் ஒரு பந்தயப் பாதையும், அதில் ஓடும் ஒரு வெண்புள்ளிக் காரும் அதன் காட்சி. அதன் வழியில் வந்த 1976-ம் ஆண்டின் ‘ஸ்பிரின்ட் 2’, நாம்கோ 1982-ல் செய்த ‘போல் பொசிஷன்’, மூன்று பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடும்படி மூன்று சக்கரங்களுடன் 1986-ல் வந்த ‘சூப்பர் ஸ்பிரின்ட்’ ஆகியவற்றில் இருந்த சக்கரங்களுக்கு எல்லை என்பதே கிடையாது. நாள் முழுதும் ஒரே பக்கமாகச் சுற்றினாலும் அவை தடுக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே 1986-ல் ஸேகா நிறுவனத்தின் யூ சுசுகி உருவாக்கிய ‘அவுட் ரன்’ வேறு வம்சத்தைச் சேர்ந்தது. அதன் சக்கரம் இரண்டு பக்கமும் ஓரிடத்தில் முட்டி நின்று, கையை எடுத்தால் நடுவுக்குத் திரும்பி வரும். மொத்தச் சுழற்சி ஏறத்தாழ 270 பாகைக்குள் அடங்கும். பிற்காலத்து ‘டேடோனா யூஎஸ்ஏ’ முதலானவையும் இந்த வழியையே பின்பற்றின.

வெளிப்பார்வைக்கு இது முட்டுக்கட்டை உண்டா இல்லையா என்ற அற்ப வித்தியாசமாகத் தோன்றலாம். உள்ளே இருக்கும் வேறுபாடோ அடிப்படையானது. முதல் வகைச் சக்கரத்தின் அச்சில், விளிம்பைச் சுற்றிலும் சம இடைவெளியில் துளைகள் வெட்டிய ஒரு தட்டு இருக்கிறது. தட்டின் ஒரு பக்கம் சிறு விளக்கும், மறுபக்கம் அடுத்தடுத்து இரண்டு ஒளியுணர்விகளும் இருக்கின்றன. ரப்பர் குண்டு வைத்த பழைய மவுஸைப் பிரித்துப் பார்த்தவர்கள் இதே அமைப்பைச் சிறிய அளவில் கண்டிருப்பார்கள். தட்டு சுழலும்போது ஒளி விட்டுவிட்டு விழுகிறது. ஓர் உணர்வி மட்டும் இருந்தால் சக்கரம் அசைந்தது என்பது தெரியுமே தவிர எந்தப் பக்கம் அசைந்தது என்பது தெரியாது. அதற்காகவே, ஒரு துளையின் அகலத்தில் பாதி தள்ளி இரண்டாவது உணர்வியை வைத்திருக்கிறார்கள். முதலாவது வெளிச்சத்தைக் கண்டு பிறகு இரண்டாவது கண்டால் வலப்புறம், இரண்டாவது முந்திக்கொண்டால் இடப்புறம். இரண்டு உணர்விகளின் எல்லா மாற்றங்களையும் எண்ணினால் ஒவ்வொரு துளைக்கும் நான்கு எண்ணிக்கை கிடைக்கும். 24 துளைகள் உள்ள தட்டு ஒரு முழுச் சுற்றுக்கு 96 அடிகளைச் சொல்லும்.

இவ்வளவு நுட்பமான சாதனத்துக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது மட்டும் தெரியாது என்பதுதான் இதில் விசேஷம். காலடிகளை எண்ணிக்கொண்டு நடப்பவனைப் போல, எத்தனை அடி வைத்தேன், எந்தத் திசையில் வைத்தேன் என்று மட்டும் அது சொல்லும். வழியோரத்து மைல்கல்லைப் படிக்க அறியாது. பழைய விளையாட்டுகளுக்கு அது போதுமானதாக இருந்தது. ‘சூப்பர் ஸ்பிரின்ட்’டில் கார் எந்தத் திசையை நோக்குகிறது என்பதைத்தான் சக்கரம் மாற்றுகிறது, சக்கரத்தை இத்தனை அடி திருப்பினால் கார் இத்தனை அடி திரும்பும், நிறுத்தினால் அந்தத் திசையிலேயே நேராக ஓடும். ஆகவே ஒரு கொண்டை ஊசி வளைவில், உள்ளங்கையை வைத்து ஒரே தள்ளாகச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, சரியான தருணத்தில் விரலால் அமுக்கி நிறுத்துவதே அதில் கைதேர்ந்தவர்களின் வித்தை. இந்த வித்தைக்குக் கனமான சக்கரமும் நல்ல உருளைகளும் வேண்டும். ஸ்பிரிங் வைத்த சக்கரத்தில் அது நடக்கவே நடக்காது, ஏனெனில் கையை விட்ட கணத்தில் சக்கரம் திரும்பி வரும்போது காரும் கூடவே திரும்பிவிடுகிறது.

இரண்டாம் வகைச் சக்கரத்தின் அச்சில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர் என்னும் மாறுமின்தடை. பழைய வானொலிப் பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குள் இருந்த அதே பொருள். வளைந்த கரித்தடத்தின் இரண்டு முனைகளுக்கும் இடையே 5 வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கப்பட்டிருக்க, தடத்தின்மேல் ஊர்ந்து செல்லும் ஓர் உலோக விரல் தான் நிற்கும் இடத்துக்குத் தக்க மின்னழுத்தத்தைத் தொட்டு எடுத்துச் சொல்கிறது. இது மைல்கல்லைப் படிக்கும் வகை. மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போட்டாலும் சக்கரம் இன்ன இடத்தில் நிற்கிறது என்று உடனே சொல்லிவிடும். குறையும் அந்தத் தடத்திலேதான் இருக்கிறது. வருஷக்கணக்காக விரல் உரசிய இடத்தில் கரி தேய்ந்து தூளாகி, நேராக ஓட்டும்போது விரல் அதிக நேரம் நிற்கும் நடுப்பகுதி முதலில் கெடுகிறது. கணினியின் அளவுதிருத்தத் திரையைத் திறந்து சக்கரத்தை மெல்ல நகர்த்திப் பார்த்தால், நடுவைக் கடக்கும் கணத்தில் குறுக்குக்கோடு வெடுக்கென்று ஓரத்துக்குத் துள்ளிவிட்டுத் திரும்புவதைக் காணலாம். மின்தொடர்புகளைத் துடைக்கும் திரவத்தை உள்ளே பீய்ச்சி, அச்சை முன்னும் பின்னுமாகப் பலமுறை சுழற்றினால் சில மாதங்களுக்குத் துள்ளல் அடங்கும்; அதற்குப் பிறகு புதிய பொட்டென்ஷியோமீட்டரை வாங்கிப் போடுவதே மரியாதை. விலை அதிகமில்லை.

இந்த இரண்டு வம்சங்களையும் வேறுபடுத்தத் தெரிந்துதான், பழைய யந்திரங்களைக் கணினிக்குள் உயிர்ப்பித்துக் காட்டும் மென்பொருளும் எழுதப்பட்டிருக்கிறது. 1997-ல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா தொடங்கிவைத்த ‘மேம்’ என்ற அந்த மென்பொருள், எல்லையற்றுச் சுழலும் சக்கரத்தை ஓர் இனமாகவும், முட்டி நிற்கும் சக்கரத்தை வேறோர் இனமாகவும், பெடலை மூன்றாவதாகவும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எந்தக் கருவியிலிருந்து செய்தி வாங்குவது, எவ்வளவு உணர்திறன் வைப்பது என்பதைத் தனித்தனியே கேட்கிறது. சுழலும் வகைக்கு மவுஸாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் கருவியையும், முட்டும் வகைக்கு ஜாய்ஸ்டிக்காக வரும் கருவியையும் கொடுப்பது முறை. ஒரு துளைத்தட்டும் பழைய மவுஸின் மின்சுற்றும் கொண்டு வீட்டிலேயே சுழல்சக்கரம் செய்துகொள்ளும் வழக்கம் இதனால்தான் ஏற்பட்டது.

துளைகள் அதிகமாக இருந்தால் நுட்பமும் அதிகம், ஆகவே ஒரு சுற்றுக்கு ஆயிரம் எண்ணிக்கை சொல்லும் தட்டே உத்தமம் என்று எண்ணிவிடக்கூடாது. அக்காலத்து விளையாட்டுகள் பல, விநாடிக்கு அறுபது தடவை அளவில் சக்கரத்தின் எண்ணிக்கையை எட்டிப் பார்த்தன. எண்ணும் கருவியில் 256 படிகள் இருந்தால், அதைத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒரு பார்வைக்கும் மறு பார்வைக்கும் இடையே 10 படி ஏறியிருந்தால் வலப்புறம் 10 என்று புரிந்துகொள்ளும். 200 படி ஏறிவிட்டால், இடப்புறம் 56 இறங்கியதும் அதே எண்ணில்தான் வந்து நிற்கும் என்பதால், குறுகிய வழியையே உண்மை என்று கொண்டு காரை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். சக்கரத்தை வேகமாகச் சுழற்றும்போது கார் பின்னோக்கித் திரும்புவதன் ரகசியம் இதுவே. சக்கரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. உணர்திறனைக் குறைத்தால் தானாகச் சரியாகிவிடும்.

இனி, வீட்டு உபயோகத்துக்கென்று செய்யப்பட்ட சக்கரங்களைப் பார்ப்போம். லாஜிடெக் 2006-ல் வெளியிட்ட ஜி25-ம், 2015-ல் வந்த ஜி29-ம் 900 பாகை, அதாவது இரண்டரைச் சுற்று சுழல்கின்றன. த்ரஸ்ட்மாஸ்டரின் டி300 சக்கரம் 1080 பாகை. உண்மையான காரை ஓட்டும் உணர்ச்சியைத் தரும் விளையாட்டுகளுக்கு இது நியாயமான அளவுதான். ஆனால் 900 பாகைச் சக்கரத்தை மாற்றமின்றி ‘அவுட் ரன்’னுக்கு மாட்டினால், கார் முழுதாகத் திரும்புவதற்குச் சக்கரத்தை ஒரு பக்கம் 450 பாகை, ஒன்றேகால் சுற்று திருப்ப வேண்டியிருக்கிறது, மூலத்தில் 135 பாகையில் முடிந்த காரியம் அது. பனைமரங்கள் இருபுறமும் பறந்தோடும் வளைவில், ஆடுகிறவர் பஸ் ஓட்டுநரைப் போல் கைமாற்றிக் கைமாற்றிச் சுற்றிக்கொண்டிருப்பார். கார் முன்னால் போகும் லாரியின் முதுகில் ஏறியிருக்கும். சக்கரத்தோடு வரும் மென்பொருளில் சுழற்சியின் எல்லையை 270 என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். மோட்டாரே அந்த இடத்தில் முட்டுக்கட்டையாக நின்று தடுக்கும். எல்லையைச் சுருக்காமல் உணர்திறனை மட்டும் ஏற்றிச் சமாளிப்பது நல்ல வழியன்று. எட்டு பிட் அளவில் 256 படிகளாகச் செய்தி தரும் மலிவான சக்கரமானால், 900 பாகையில் 270-க்கு உரிய பங்கு 77 படிகள்தான். நேர்பாதையில் கார் படிப்படியாகத் துள்ளித் துள்ளி நகர்வது கண்ணுக்கே தெரியும்.

நடுவுக்குத் திரும்பும் சக்தியைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் விலை குறைந்த சக்கரங்கள் தோற்பது இங்கேதான். ஸ்பிரிங்கின் இழுப்பு அது நீண்ட அளவுக்குத் தக்கபடி இருப்பதால், சக்கரம் ஓரத்தில் இருக்கும்போது பலமாக இழுத்து, நடுவை நெருங்க நெருங்கப் பலவீனமாகிறது. கடைசி ஐந்தாறு பாகையில் அச்சின் உராய்வை வெல்ல முடியாமல், நடுவுக்குச் சற்று முன்பே நின்றுவிடுகிறது. வலப்புறத்திலிருந்து வந்தால் வலப்பக்கத்திலும், இடப்புறத்திலிருந்து வந்தால் இடப்பக்கத்திலும் நிற்கும் இந்தச் சோம்பேறித்தனத்துக்குப் பரிகாரம், நடுவிலேயே முன்கூட்டி இழுபட்டு நிற்கும் இரண்டு ஸ்பிரிங்குகளை எதிரெதிராக, ஒவ்வொன்றும் நடுவைத் தாண்டி இழுக்காதபடி தடை வைத்து அமைப்பது. கூடங்களுக்கென்று செய்த சக்கரங்கள் பலவற்றின் அடியில் அப்படிப்பட்ட கனத்த ஏற்பாடுகளைக் காணலாம். மோட்டார் வைத்த சக்கரம் இதற்கு மேல் ஒரு படி. ஆனால் விளையாட்டிலிருந்து கட்டளை வந்தால்தான் மோட்டார் வேலை செய்யும். பழைய விளையாட்டுகளின் மின்சுற்றுப் பலகைகள் தங்கள் மோட்டாருக்கு அனுப்பிய கட்டளைகளை வீட்டுச் சக்கரத்தின் பாஷையில் மொழிபெயர்த்துச் சொல்ல ஓர் இடைத்தரகு மென்பொருள் இல்லாவிட்டால், இத்தனை விலை கொடுத்து வாங்கிய சக்கரம் நடு என்பதே அறியாமல் தொளதொளவென்று கிடக்கும். சக்கரத்தின் அமைப்புகளில், எப்போதும் நடுவுக்கு இழுக்கும்படி ஒரு செயற்கை ஸ்பிரிங்கை இயக்கிவைக்கும் தேர்வு இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது உத்தமம்.

பெடல்களுக்கு வருவோம். ‘நைட் டிரைவர்’ போன்ற மிகப் பழைய விளையாட்டுகளில் ஆக்ஸிலேட்டர் வெறும் சுவிட்சு. மிதித்தால் உண்டு, எடுத்தால் இல்லை. பிற்காலத்தவை மிதியின் ஆழத்தை அளந்தன. இன்றைய பெடல்களில் பெரும்பாலானவற்றுள்ளும் இருப்பது மேலே சொன்ன பொட்டென்ஷியோமீட்டர்தான். உரசும் பாகமே இல்லாமல் காந்தத்தின் அருகாமையை அளக்கும் ஹால் உணர்வி வைத்தவை தேய்வதில்லை, ஆதலால் நீடித்து உழைக்கும். பிரேக்குக்கு மட்டும் வேறொரு யோசனை உண்டு. கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதைவிட எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதையே நமது தசைகள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்கின்றன என்பதால், அழுத்தத்தை அளக்கும் ‘லோடு செல்’ வைத்த பிரேக்கைப் பந்தயப் பிரியர்கள் போற்றுகிறார்கள். அது புதிய கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். 1989-ல் அட்டாரி கேம்ஸ் வெளியிட்ட ‘ஹார்டு டிரைவின்’ என்ற விளையாட்டின், உட்கார்ந்து ஓட்டும் பெட்டியிலேயே அழுத்தத்தை அளக்கும் பிரேக் இருந்தது. கிளட்ச் பெடலும், நியூட்ரல் உள்ள நான்கு கியர்க் கைப்பிடியும், திருகி ஸ்டார்ட் செய்யும் சாவியும்கூட அதில் இருந்தன. அந்த ஒரு விளையாட்டை அதற்குரிய முறையில் ஆட விரும்புகிறவருக்கு மூன்று பெடல் உள்ள தொகுதி அவசியம். மற்றவர்களுக்குக் கிளட்ச் ஓர் அலங்காரம்தான். ‘போல் பொசிஷ’னின் நின்றாடும் பெட்டியிலோ பிரேக்கே கிடையாது.

பழைய பெடல் தொகுதிகளை இரண்டாம் விலைக்கு வாங்குகிறவர்கள் ஒரு சூழ்ச்சியை அறிந்திருக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் ஒரே அச்சின் இரு பாதிகளாகக் கணினிக்குச் சொல்லும் வழக்கம் முன்பு இருந்தது. ஒன்றை மிதித்தால் கோடு மேலே போகும், மற்றதை மிதித்தால் கீழே வரும், இரண்டையும் சேர்த்து மிதித்தால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு ஒன்றுமே மிதிக்காததுபோல் நடுவில் நிற்கும். இரண்டு பெடல்களையும் தனித்தனி அச்சாகப் பிரித்துத் தரும் தேர்வு அமைப்பில் இருந்தால் சரி. இல்லாவிட்டால் அத்தொகுதியை விட்டுவிடலாம்.

கியர்க் கைப்பிடியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, இதுதான் எனக்கு ஆச்சரியம். ‘போல் பொசிஷன்’, ‘அவுட் ரன்’ இரண்டிலும் கியர்கள் இரண்டே, தாழ்வும் உயர்வும். கைப்பிடி தள்ளிய இடத்திலேயே நிற்கும். கண்ணால் பார்க்காமலே, கை வைத்த மாத்திரத்தில் எந்தக் கியரில் இருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். வீட்டுச் சக்கரங்களின் பின்னாலுள்ள தகடுகளோ அழுத்தினால் அழுந்தி, விட்டால் திரும்பிவிடுபவை. இதற்காகவே மேம் மென்பொருள், ஓர் அழுத்தத்துக்கு ஒரு மாற்றம் என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. விட்டால் திரும்பும் பொத்தானுக்கு அது சௌகரியம். ஆனால் மெய்யான இரட்டைநிலைக் கைப்பிடியை வாங்கி மாட்டியவருக்கு அதுவே தலைவலி: மேலே தள்ளும்போது மாறும், கீழே இழுக்கும்போது மாறாது, மறுபடி மேலே தள்ளினால் உயர்விலிருந்து தாழ்வுக்கு விழும். அந்தக் கணக்கை அமைப்பில் நிறுத்திவிட்டால் கைப்பிடியும் காரும் ஒத்துப்போகும். ‘அவுட் ர’னில், சாலையை விட்டுப் புல்வெளியில் இறங்குமுன் கியரை உயர்விலிருந்து தாழ்வுக்கும் மறுபடி உயர்வுக்கும் சடக்கென்று மாற்றினால் வேகம் குறையாமல் ஓடலாம் என்றொரு தந்திரம் ஆட்டக்காரர்களிடையே பிரசித்தம்; கட்டைவிரலால் தகட்டை இரண்டு முறை தட்டுவதற்கும், முழங்கையிலிருந்து கைப்பிடியை உதறி இழுப்பதற்கும் உள்ள சுகபேதத்தை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

‘டேடோனா யூஎஸ்ஏ’ நான்கு கியர்களை எச் வடிவப் பாதையில் வைத்திருக்கிறது. அதற்கு ஆறு கியர்க் கைப்பிடியின் முதல் நான்கு இடங்களே போதும். ஜி29-க்குக் கைப்பிடி தனியாக விற்கப்படுகிறது என்பதை விலை விசாரிக்கும்போதே மனத்தில் கொள்ள வேண்டும். சக்கரத்தின் பின்னாலுள்ள தகடுகளுக்கும் உரிய இடம் ஒன்று உண்டு: 1989-ல் ஃபெராரியின் பந்தயக் காரில் அறிமுகமான அந்த முறை, 1992-ல் வந்த ஸேகாவின் ‘விர்ச்சுவா ரேசிங்’ பெட்டியிலேயே இடம்பெற்றுவிட்டது.

ஒரே ஒரு சக்கரம்தான் வாங்க முடியும் என்றால், 270 பாகைக்குச் சுருக்கக்கூடிய, இரண்டாம் கையாகக் கிடைக்கும் மோட்டார்ச் சக்கரத்தையே வாங்கச் சொல்வேன். ‘அவுட் ரன்’ தொடங்கிப் பின்வந்த பெரும்பாலானவை அதில் நன்றாக ஓடும். ‘சூப்பர் ஸ்பிரின்ட்’டின்மேல் மோகம் உள்ளவர் அந்தச் சக்கரத்தை வைத்துக்கொண்டு போராட வேண்டாம், ஒரு கனமான சிறு சக்கரத்தை உருளைகளின்மேல் ஏற்றித் துளைத்தட்டு மாட்டிய தனிப் பலகையாகச் செய்து வைத்துக்கொண்டால், வேண்டும்போது மாற்றிப் பொருத்தலாம்.

எதை வாங்கினாலும், பலகையில் துளை போடுமுன் பெடல்களைத் தரையில் வைத்து ஒருமுறை பலமாகப் பிரேக்கை மிதித்துப் பார்ப்பது நல்லது. டைல்ஸ் தரையில் ஜி29-ன் கடினமான பிரேக்கை மிதித்தால் கீழிறங்குவது பெடல் அன்று, பின்னோக்கிப் போவது முழுத் தொகுதியும், சக்கரம் வைத்த நாற்காலியில் அமர்ந்திருந்தால் அதற்கு எதிர்த்திசையில் ஆடுகிறவரும். பெடல் தொகுதிக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே ஒரு மரச்சட்டத்தை அளந்து வெட்டி வைத்து, நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றிவிட்டால் இரண்டும் அசையாது.